தீவுக்காரர்கள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் டிகிரி, முதல் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வேலை, முதல் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ், எல்லாம் நான்தான். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் அரசாங்க முத்திரை போட்ட தாள் என்பதால் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

அந்த வருடம் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, இந்தியப் பெருங்கடலில் நண்டும் பறவையும் மட்டுமே இருக்கும் ஒரு தீவில் இறங்கியது. கூடாரம் போட்டு, ஜெனரேட்டர் வைத்து, பத்து நாள் ரேடியோவில் உலகத்தோடு பேசியது. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த நம் லைசென்ஸ் எண்ணை நாம் சொல்ல வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி லாக் புத்தகத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அந்த ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அங்கே மறுபடி எப்போது ஆட்கள் போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"மொட்டைமாடி ஒயர வெச்சிக்கினா?" என்று ரேடியோ கிளப்பில் ஒரு சீனியர் சிரித்தார். அவர் வீட்டில் தென்னைமர உயரத்துக்கு ஆன்டெனாக் கோபுரம் இருக்கிறது. "லாக்ல என் நம்பர் இருக்கும் சார், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது நாள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்கு அவர்களை ஏற்றிக்கொள்ளப் படகு வந்துவிடும்.

லிங்கராஜபுரத்தில் நாங்கள் மேல்வீடு. கீழ்வீட்டில் ஓனர் ஆன்ட்டி ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டம் நடத்துவார். மைக் உண்டு, ஆம்ப்ளிஃபையர் உண்டு. மாடிப்படி அறையில் ரேடியோவை வைத்து, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கட்டிய ஆன்டெனா ஒயர் வழியாக நான் கத்த ஆரம்பித்தேன். ஐந்து பத்துக்கு ஆன்ட்டி மூச்சிரைக்க மேலே வந்தார்.

"நீ என்னம்மா பண்ற இங்க? நீ மைக்க அமுக்கறப்பல்லாம் எங்க ஸ்பீக்கர்ல வாத்து கத்துது."

ஸ்பீக்கர் ஒயர்கள் என் சிக்னலைப் பிடித்துக் குதறியிருந்தன. பின்னாலேயே வந்த ஒரு பெரியவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பரிசுத்த ஆவி இறங்கிப் பேசும் அந்நிய பாஷை என்று நினைத்து அவர் கண்ணை மூடிக் கை தூக்கியிருந்தாராம்.

"ஒரு மணி நேரம் பேஜார் பண்ணாம இரும்மா," என்றார் ஆன்ட்டி. "ஆறரைக்கு நீ என்ன வேணா கத்திக்கோ."

"ஆறு மணிக்கு அவங்க தீவ விட்டே போயிடுவாங்க ஆன்ட்டி. இன்னைக்கு விட்டா அவ்ளோதான்."

ஆன்ட்டி யோசித்தார். "ஆண்டவர் இருப்பாரு, எங்கியும் போமாட்டாரு. அவங்கதான் போயிடுவாங்கன்ற." கீழே குனிந்து கூப்பிட்டார். "ஏ, அத்த ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் மேல வாங்க."

பதினைந்து பேர் வந்தார்கள். அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நாற்காலிகூட ஒன்று வந்தது. அந்த நேரம் பார்த்து, கூச்சல் தாங்காமல் தீவுக்காரர் முறை வைத்துவிட்டார். லைசென்ஸ் எண்ணில் பூஜ்யம் இருப்பவர்கள் மட்டும் கூப்பிடலாம், பிறகு ஒன்று, பிறகு இரண்டு. என்னுடையது மூன்று.

"டோக்கன் மாதிரி," என்று அம்மா எல்லாருக்கும் விளக்கினாள்.

பூஜ்யம் முடியவே ஐந்து இருபது ஆனது. ஒன்று முடிய ஐந்தரை. இரண்டு நகரவே இல்லை. ஐந்து நாற்பதுக்கு ஆன்ட்டி என் தோளைத் தட்டினார்.

"ரெண்டுன்னு சொல்லிடேன். அவனுக்கு என்னா தெரியப் போவுது?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா ஆன்ட்டி? இப்பதான ஜெபம் பண்ணீங்க?"

"பாதிதான் பண்ணோம். அதுக்குள்ள நீ கெடுத்துட்ட."

பெரியவர் மட்டும் என் பக்கம். "தப்பு தப்புதான். புள்ள முறை வரட்டும்," என்றார். அடுத்த நிமிடமே, "மூணுக்கு ரெண்டு பக்கத்துலதான இருக்கு," என்று இழுத்தார். எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொருவர் எண்ணில் லாகில் ஏறி நான் யாரிடம் பெருமையடிப்பது?

ஐந்து நாற்பத்தெட்டுக்கு மூன்றுக்கு முறை வந்தது. கத்தினேன். ஒரு ஜப்பான்காரரை எடுத்தார். மறுபடி கத்தினேன். இத்தாலி.

"இவ முன்னாடியே நிக்கிறா, அவன் எப்படிப் பூந்தான்?" என்று அம்மா கடல் இருந்த திசையை முறைத்தாள்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு ரேடியோ சொன்னது: விக்டர் யூனிஃபார்ம் என்று தொடங்குபவர் மட்டும், மறுபடி. ரேடியோ பாஷையில் அது வி, யூ; இந்திய லைசென்ஸ் எண்களின் முதல் இரண்டு எழுத்து. மாடியில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். என் எண்ணை முழுதாக, நிதானமாகச் சொன்னேன். அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். "ஃபைவ் நைன்" என்றார், சிக்னல் நன்றாகக் கேட்கிறது என்று. நானும் "ஃபைவ் நைன், தேங்க் யூ" என்றேன். அவர் அடுத்தவருக்குப் போய்விட்டார்.

நான் கையைத் தூக்கிக் குதித்தேன். என்னோடு யாரும் குதிக்கவில்லை.

"பேசவே இல்லியே," என்றார் ஆன்ட்டி.

"பேசியாச்சு ஆன்ட்டி. முடிஞ்சிடுச்சு."

"பத்து நாள் மண்ணுல கெடக்காங்க. சாப்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கல," என்றாள் அம்மா. "என்னா படிப்போ."

அப்பா ஆட்டோ ஓட்டுபவர். இப்போது மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"இப்ப என்னா பண்ணான் அவன்?"

"என் நம்பர எழுதிக்கினாருப்பா."

"நம்பர எழுதிக்கினானா?" அப்பாவின் முகம் வாடியது. "அப்ப ஃபைன் வரும்."

மறுநாள் காலை, கம்பெனி பஸ் மேம்பாலத்தில் ஏறும்போது போனில் அவர்களுடைய லாகைத் தேடினேன். என் எண் இருந்தது, நேரத்தோடு. படம் எடுத்து முதலில் கிளப் குரூப்பில் போட்டேன். சீனியர் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். பிறகு அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

"கம்ப்யூட்டர்லயே ஏத்திட்டாங்கப்பா. உலகத்துல யார் வேணா பாக்கலாம்."

பின்னணியில் ஹாரன் சத்தம்.

"பணம் கட்டச் சொல்லி எதுனா போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. கீழ சின்னதாப் போட்டிருப்பாங்க."