பொட்டுக்கு மேலே ஒரு சிலுவை

பாலக்கரையில் பஸ் ஏறிய பெண்ணின் நெற்றியில் சாம்பல் சிலுவை இருந்தது. இன்று திருநீற்றுப் புதன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் சின்ன வயதில், அப்பா எங்களை விட்டுப் போன வருடம். "புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு இவ்ளோ பெரிய பொட்டா?" என்று தெருவே கேட்டது. அம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டுதான் நடப்பாள். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா எங்களை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே, சாம்பிராணிப் புகைக்கு நடுவே பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்களே தவிர, யாரும் எதையும் கேட்கவில்லை.

சாம்பல் பூசும் வரிசையில் நிற்கும்போது அம்மா சட்டென்று பொட்டை அழிக்கப் போனாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்று அக்கா அவள் கையைப் பிடித்தார்.

அவ்வளவு பெரிய பொட்டு இருக்க, ஃபாதர் சாம்பலை எங்கே வைப்பார்? நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் கொஞ்சம் குனிந்து, இடம் பார்த்து, பொட்டில் படாமல் அதற்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டார்.

வீடு திரும்பும்போது அம்மாவின் முந்தானை தோளிலேயே இருந்தது.

பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். சிலுவைக்குக் கீழே பொட்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.