ஆறாம் கட்டத்து இளவரசி

கிருமாம்பாக்கத்துக்குத் தெற்கே, கடலூர் சாலையோரம் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் க. இளவரசி, பதினான்கு வயதுக்குள் ஜெயித்தவை இவை. ஐந்தாம் வகுப்பில், குதிகாலில் முள் ஏறி வீங்கியிருந்தபோது, நூறு மீட்டரில் முதலிடம். ஏழாம் வகுப்பில், ஊர்ப் பொங்கல் விளையாட்டில், மூன்று வயது மூத்த பெண்களோடு ஓடி ஒரு எவர்சில்வர் குடம். எட்டாம் வகுப்பில், வெறுங்காலோடு நீளம் தாண்டி நான்கு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ போட்டு வந்த மூன்று பேர் அவளுக்குப் பின்னால்தான் நின்றார்கள். அதே வருஷம், காய்ச்சல் விட்ட நான்காம் நாள், இருநூறு மீட்டரில் இரண்டாமிடம்.

இத்தனை ஜெயித்தவளை 2025 ஜனவரி 31ஆம் தேதி, கோ-கோ அணியில் ஆடும் ஒன்பது பேரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஓடத் தெரியாமல் இல்லை. உட்காரத் தெரியவில்லை.

கோ-கோவில் துரத்தும் அணியின் எட்டுப் பேர் வரிசையாக எட்டுக் கட்டங்களில் குந்தியிருப்பார்கள். ஒருத்தி மட்டும் எதிரணிப் பெண்ணைத் துரத்துவாள். துரத்துபவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு, தொடும்போதே "கோ" என்று கத்திய பிறகுதான் குந்தியிருப்பவள் எழுந்து அவளுக்குப் பதிலாகத் துரத்தலாம். குரலுக்கு முன்னால் எழுந்தால் ஃபவுல். அதைச் சரிசெய்வதற்குள் எதிரணிக்காரி எட்டாத தூரம் போய்விடுவாள். இளவரசியின் இடம் ஆறாம் கட்டம்.

அவள் எங்குமே உட்காராதவள். சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தபடி சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். வகுப்பில் அவள் காலாட்டினால் அதே பெஞ்சில் இருப்பவர்களுக்கு எழுத்து கோணும். அவள் வீட்டில் இருக்கும்போது எதுவும் வைத்த இடத்தில் இருக்காது என்று அம்மா சொல்வார்.

அன்றைய தவறு முழுக்க அவளுடையது என்று சொல்ல முடியாது. டிசம்பர் மழையில் பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. பொங்கல் கழிந்தும் தண்ணீர் வடியவில்லை. காய்ந்திருந்தது சாலைப் பக்கத்து மதிலையொட்டி ஒரு துண்டு நிலம்தான். அதற்கு வெளியே பஸ் நிறுத்தம். கடலூர் வண்டிகள் ஒன்றையொன்று முந்த அடிக்கிற ஹாரனில் பக்கத்தில் இருப்பவள் பேச்சே கேட்காது. "கோ" எங்கே கேட்கும்? பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி செய்துகொண்டார்கள். முதுகில் கை பட்டால் எழுவது. குரல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஒரு மாதத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. இளவரசி அதற்கும் ஒரு படி மேலே போனாள். பின்னால் வருகிறவளின் காலடி மண்ணில் அதிர்வதை வைத்தே எழத் தொடங்கினாள்.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, பள்ளிகளுக்கிடையேயான போட்டியின் முதல் ஆட்டம். சத்தமில்லாத திடல். நடுவர்கள் ஒவ்வொன்றாகக் கவனித்து விசில் ஊதினார்கள். மொத்தம் பதினோரு ஃபவுல். அதில் ஏழு இளவரசியுடையது. எதிரணி பலமில்லாததால் எப்படியோ இரண்டு பாயிண்டில் தப்பித்தார்கள்.

வேனில் ஏறும்போது உடற்கல்வி ஆசிரியை சகாயராணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இளவரசி, அடுத்த மேட்ச் நீ வெளிய. ஆறாங் கட்டத்துல தீபிகா."

"டீச்சர், ஓடுறதுல நான்தான..."

"ஓடுறதுலதாண்டி. ஒக்கார்றதுல?"

கேப்டன் மகாலட்சுமி பத்தாம் வகுப்பு. ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "பூனை மேல தண்ணி ஊத்துனாப்ல ஏந்துக்குற நீ. நான் இன்னும் ரெண்டு அடி தள்ளி இருக்கறப்பவே ஏந்துட்டா நான் யாரத் தொடறது, காத்தையா?" என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. இளவரசியும் சிரித்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 12ஆம் தேதி அரையிறுதியை அவள் கோட்டுக்கு வெளியே இருந்து பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட நடந்தாள் என்று சொல்லலாம். திடலின் இந்த முனைக் கம்பத்திலிருந்து அந்த முனைக் கம்பம் வரை, அங்கிருந்து இங்கே. "ஏம்மா, ரிசர்வ்ல இருக்கிறவங்க ஒக்காரணும்" என்று எல்லைக்கோட்டு நடுவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். தீபிகா நன்றாக உட்கார்ந்தாள், ஒரு ஃபவுல்கூட இல்லை. ஆனால் எழுந்த பிறகு அவள் கைக்கு யாரும் சிக்கவில்லை. மற்றவர்கள் பிடித்துக் கொடுத்ததில் ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மார்ச்சில் பரீட்சை. அதற்குப் பிறகு மகாலட்சுமியும் இன்னும் நான்கு பேரும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். இந்த அணிக்கு இதுதான் கடைசி ஆட்டம். அதில் ஆறாம் கட்டம் தனக்கு வேண்டும் என்பதைத் தவிர இளவரசியின் மனதில் வேறு எதுவும் நிற்கவில்லை.

அவளுடைய அக்கா புவனேஸ்வரி பத்தாம் வகுப்போடு நின்றவள். பாகூர்க் கடைத்தெருவில் ஒரு தையற்கடையில் வேலை. ஜனவரி 31 சாயங்காலத்திலிருந்தே, பள்ளி விட்டதும் இளவரசி பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனாள். கட்டிங் மேஜைக்கும் மெஷினுக்கும் நடுவில் மூன்றடி இடம். அதில் ஆட்டத்தில் குந்துவதுபோல ஒரு முட்டியைத் தாழ்த்திக் குந்தவேண்டும், தெருவைப் பார்த்தபடி. பின்னால் புவனேஸ்வரி தைத்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது துணியில் கோடு போடும் சாக்பீஸால் தங்கையின் முதுகில் தொடுவாள். எதுவும் சொல்லமாட்டாள். எப்போதாவது தொட்டு "கோ" என்பாள். ஐந்து வினாடியிலும் வரும், இரண்டு நிமிஷம் கழித்தும் வரும். ஒரு நாளைக்கு முப்பது முறை. தங்கை குரல் வராமலே எழுந்த ஒவ்வொரு முறைக்கும் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தாள்.

முதல் நாள் முப்பதில் பத்தொன்பது தப்பு.

"யக்கா, கால் மரத்துப் போச்சு."

"மரக்கட்டும். மரத்த கால் ஏந்துக்காது இல்ல?"

"தொட்டுட்டு வாயத் தொறக்க மாட்டேங்கறியே, நீயே ஃபவுலு."

"ஆமா, நான் ஃபவுலு. நீ ஒக்காரு."

ப்ளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மாள், முதுகு முழுக்க வெள்ளையும் நீலமுமாய்ப் புள்ளிகளோடு ஒரு பெண் தெருவை முறைத்துக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்து, "இன்னா புவனா, வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் பள்ளியில் தீபிகா, "முதுகுல இன்னாடி கோலம், மார்கழி போயி ஒரு மாசம் ஆவுது" என்றாள். அந்தக் கறை எத்தனை சோப்புப் போட்டும் முழுதாகப் போகவில்லை.

ஐந்தாம் நாள் பதினான்கு தப்பு. பத்தாம் நாள் பதினாறு. அன்று முழுக்க எதிர்க்கடையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் நாள் ஆறு. பிப்ரவரி 18ஆம் தேதி இரண்டு. உட்காரக் கற்றுக்கொண்டாளே தவிர, அமைதி வந்துவிடவில்லை. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணுக்கு முன்னால் போகிறவற்றைப் பார்க்க ஆரம்பித்தாள். தெருவில் போகிற புடவைகளில் எது ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்தது, எது கையால் மடித்துத் தைத்தது என்று. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் குரல் வரும்வரை உட்கார முடிந்தது.

19ஆம் தேதி சகாயராணி டீச்சரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யார் எழுதுனது?"

"அக்கா, டீச்சர்."

"முதல் இன்னிங்ஸ் வெளிய ஒக்காரு. ஒக்காரணும், நடக்கக் கூடாது. அதப் பாத்துட்டு சொல்றேன்."

இறுதி ஆட்டம் வில்லியனூர்ப் பக்கம். வேன் மூலக்குளத்து நெரிசலில் இருபது நிமிஷம் நின்றது. முன்னால் ஜல்லி லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் கையை ஹாரனிலேயே வைத்திருந்தார். இளவரசி ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

முதல் இன்னிங்ஸில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் முளைத்திருந்த அருகம்புல் முழுவதையும் பிடுங்கி முடித்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். பள்ளி இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. டீச்சர் அவளைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், தீபிகாவை வெளியே கூப்பிட்டார்.

கடைசித் துரத்தல். இளவரசி மூன்று பேரைப் பிடித்தாள். இருபது வினாடி இருக்கும்போது இரண்டு அணியும் சமம். எதிரணியில் ஒல்லியான ஒருத்தி மட்டும் சிக்காமல் கட்டங்களுக்கிடையே நெளிந்துகொண்டிருந்தாள். துரத்தியவள் மகாலட்சுமி. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஆறாம் கட்டத்துக்குப் பின்னால் அவள் காலடி வந்தது. விரல் நுனி இளவரசியின் பின்னலை உரசியது. எதிரணிப் பெண் கைக்கெட்டும் தூரத்தில், முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். இப்போது எழுந்தால் பிடித்துவிடலாம்.

அவள் எழவில்லை.

பிறகு முழு உள்ளங்கையும் முதுகில் விழுந்தது. கூடவே, உடைந்த தகரம்போல, "கோ!"

இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதில் அவள் குப்புறப் பாய்ந்தாள். விரல்கள் எதிரணிக்காரியின் கெண்டைக்காலில் பட்டன. விசில்.

சத்தமெல்லாம் அடங்குவதற்குள் எதிரணி மேலாளர் நடுவர் மேஜைக்குப் போய்விட்டார். "அந்தப் பொண்ணு குரலுக்கு முன்னாடியே ஏந்துடுச்சு சார். ஜனவரி மேட்சயும் நான் பாத்தேன், அதுக்கு அதான் வழக்கம்" என்று சொல்லி, எழுத்தில் புகார் கொடுத்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது இளவரசிக்கே தெரியும். அதுதான் அவளை உலுக்கியது. முழங்கை தோலுரிந்து எரிந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மேஜையைச் சுற்றி வந்தாள்.

தலைமை நடுவர் வயதானவர், அவசரப்படாதவர். "எழுத்துல வந்த புகாருக்கு எழுத்துலதான் பதில். என் கூட நின்ன நடுவர் எழுதுவார். நீயும் எழுதும்மா. குரலுக்கு அப்புறம் ஏந்துக்கிட்டியா, முன்னாடியா? நடந்தத எழுது."

இளவரசி பேனாவை வாங்கினாள். முன்னாடி எழுந்த ஏழு முறையில் தான் என்ன பார்த்தோம் என்று யோசித்தாள். ஒன்றுமே நினைவில்லை. எழுந்தது மட்டும்தான் நினைவிருந்தது. இந்த முறை பார்த்தது இருந்தது. குனிந்து எழுதினாள்.

"விரல் பின்னலில் பட்டபோது நான் எழவில்லை. எனக்கு முன்னால் போனவரின் இடது காலுறையில், கணுக்காலுக்கு மேல், நீல நூலால் கிழிசல் தைத்திருந்தது. நான்கு தையல். கடைசித் தையல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோ என்ற குரல் கேட்ட பிறகு எழுந்தேன்."

நடுவர் படித்தார். எதிரணிப் பெண்ணைக் கூப்பிட்டார். "காலக் காட்டும்மா." அவள் புரியாமல் காலைத் தூக்கி வைத்தாள். வெள்ளைக் காலுறை, நீல நூல், நான்கு தையல், பிரிந்த கடைசி நுனி. அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். "எங்கம்மா தச்சது சார்." துணை நடுவரும் குரலுக்குப் பிறகு என்றே எழுதியிருந்தார். நடுவர் இரண்டு தாளையும் சேர்த்துப் பின் செய்து, புகார் தள்ளுபடி என்று மேலே எழுதினார். வெற்றிக் கோப்பை இப்போது பள்ளியில், தலைமையாசிரியர் அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

ஆனால் தாளைக் கோப்பில் வைப்பதற்கு முன் நடுவர் நிறுத்தினார். "கீழ கையெழுத்து போடலியே நீ."

இளவரசி பேனாவோடு நின்றாள். வீட்டில் எல்லாத் தாளிலும் அப்பாதான் போடுவார். "நான் இதுவரைக்கும் போட்டதில்ல சார். பேர் எழுதுனா போதுமா?"

"உன் பேருதாம்மா. இங்க நீ சொன்னதுக்கு நீதான் பொறுப்புன்னு அர்த்தம். ஒக்காந்து நெதானமா போடு."

நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். க. இளவரசி என்று போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள்: 21.02.2025.