நெற்றிக்கு ஏறும் கண்ணாடி

தருமபுரி அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர், பாலக்கோட்டுத் தக்காளி விலையை அலசும்போது கணினியில் ஒரே நோட்புக் கோப்புக்குள் பைத்தான், ஆர் என்ற இரண்டு நிரல் மொழிகளையும் கலந்து எழுதுவார். பைத்தானில் எழுதும்போது கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும். ஆருக்குப் போனால் நெற்றிக்கு ஏறிவிடும். ஏனென்று கடவுளுக்கே வெளிச்சம்.

ஒருநாள் மதியம் விவசாயிகள் கூட்டத்தில் காட்டவேண்டிய வரைபடத்தில், வியாழக்கிழமை உச்சத்துக்குப் போன விலை புதன்கிழமையில் நின்றது. காலை முழுக்கத் தேடினேன். பைத்தான் வரிசைகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். ஆர் ஒன்றிலிருந்து எண்ணும். இவர் பைத்தானில் கிடைத்த எண்ணை அப்படியே ஆரில் தூக்கிப் போட்டிருந்தார்.

"ஏங்க, ஒரே மொழியில எழுதித் தொலைச்சா என்னங்க?" என்றேன்.

"வூட்ல அம்மாகிட்ட கன்னடம், சம்சாரத்துகிட்ட தமிழ். நான் என்ன கொழம்பியா போயிட்டேன்?"

"அங்க கெழமை மாறிப் போவுதுங்களா?"

சிரித்துக்கொண்டே ஒன்றைக் கூட்டினார். விலை வியாழனுக்கு வந்தது. இனிமேல் ஒரே மொழிதான் என்று சத்தியமும் செய்தார்.

மறுவாரமே, "நடுவுல ஜூலியான்னு இன்னொரு மொழியும் கொஞ்சம் சேர்த்திருக்கேனுங்க" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் எழுந்து போகவில்லை. மூன்றாவது மொழிக்குக் கண்ணாடியை எங்கே வைப்பார் என்று பார்க்கவேண்டியிருந்தது.