தொப்புளடியில் ஒரு தையல்

எண்பதுகளில் சேர்வராயன் மலையில் எங்கள் தலைச்சோலைப் பக்கம், ஒரு பெண்ணுக்குத் தொப்புளடியில் சின்னத் தழும்பு இருந்தால் அது குடும்பக் கட்டுப்பாடுதான். எஸ்டேட் பெண்களை முகாமுக்கு ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். ஒரு துளை போட்டு, ஒரு தையலோடு கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அதே துளை வழியாக வேறு எதையாவது பார்க்கலாம் என்பது மலைமேல் யாருக்கும் எட்டாத சங்கதி.

கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் எனக்குக் குழந்தை இல்லை. சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது போதாதென்று, நானும் வீட்டுக்காரரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா உள்பரிசோதனை செய்தார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, தொப்புளடியில் துளை போட்டு, குழாய் விட்டுக் கர்ப்பப்பையைப் பார்த்தார். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் விட்டும் பார்த்தாராம். நான் தெளிந்த பிறகு எங்கள் இருவரிடமும் பேசினார். எனக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்துக் கணவரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கணவருக்கு அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் தெரிந்தது.

சேலை மாற்றும்போது தையல் மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. உடனே நிபுணர் குழு கூடியது. காப்பிப் பழம் பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா தன் தழும்பைக் காட்டி, என்னுடையதோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். கூடவே வந்த புருஷனுக்கே தெரியாமல் நான் குடும்பக் கட்டுப்பாடு செய்து மூடிக்கொண்டு வந்துவிட்டேனாம். ஒன்றுகூடப் பெறாதவள் எதற்காக மூடிக்கொள்கிறாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. மாமியார் மஞ்சக்குட்டையில் இருக்கும் தன் அண்ணன் மகளை இரண்டாம் தாரமாகப் பேசிவர அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

கணவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் வாழ்க்கை பிழைக்கும். விவசாயச் செய்திதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. தையலைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"ஏனுங்க அத்தை, எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. அடுத்தாப்புல சோதிக்க வேண்டியது உங்க மகனைத்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

மாமியார் மகனைப் பார்த்தார். கணவர் தலை குனிந்துகொண்டார். மாமியார் செருப்பைக் கழற்றினார். கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வெளிய சொல்லிப்போடாத கண்ணு. கேக்கறவங்களுக்கு நீ மூடிக்கிட்டதாவே இருக்கட்டும்."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.