அத்தை எழுதிய மூன்று வரன்கள்

உலகம் அன்றோடு முடிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பியது, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் நடந்த ஜாவா வகுப்பில்தான். ஏழாம் வகுப்பு விடுமுறை. அப்பாவின் தங்கையான அத்தை தனியாகப் போகக் கூடாதென்று துணைக்கு என்னையும் அப்பா சேர்த்துவிட்டிருந்தார். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அத்தை தட்டுவாள். பாம்பு விளையாட்டில் கரைகண்டவன் என்ற தகுதியில் நான் மேற்பார்வை.

வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்கு அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைக்கும். அத்தைக்கு அது வேண்டும். அப்பாவோ, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஆட்களை வரச் சொல்லியிருந்தார். "வேலைக்கு ஒண்ணும் போவாண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கடைசித் தேர்வில் சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து மூன்று ஆப்ஜெக்ட் உண்டாக்க வேண்டும். கிளாஸ் என்பது அச்சு. ஆப்ஜெக்ட் அதில் வார்த்தெடுத்தது. எல்லோரும் கார், மாணவன் என்று எழுத, அத்தை 'வரன்' என்று எழுதினாள். அதுவரை வந்துபோன மூன்று பேரும் உயரம், சம்பளம், மீசை சகிதமாக உள்ளே இறங்கினார்கள். ஓடவிட்டாள். திரை முழுக்கப் பிழைகள். ஏறிக்கொண்டே போயின.

கம்ப்யூட்டர் வெடிக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிழைக்கு ஒரு தேங்காய் என்று பழவங்காடி கணபதிக்கு நேர்ந்துகொண்டே சுவிட்சை அணைக்கப் பாய்ந்தேன்.

அத்தை என் கையில் ஓர் அடி வைத்தாள். "கெடந்து துள்ளாத மக்கா. முதல் பிழைய மட்டும் பாரு. மத்ததெல்லாம் அதுக்க வாலாக்கும்."

விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியைத் தட்டினாள். அத்தனையும் மறைந்தன. பிற்பாடு நானும் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அந்த நிதானம் மட்டும் வரவில்லை. இன்றும் பிழையைக் கண்டால் என் கை சுவிட்சைத் தேடுகிறது.

மூன்று வரன்களும் திரையில் ஒரே வரியைச் சொன்னார்கள்: வேலைக்கு ஒண்ணும் போவாண்டாம்.

வகுப்பெடுத்த மலையாளி சார் சிரித்துவிட்டார். "மூணு பேருக்கும் ஒரே டயலாக்கோ? கொள்ளாமல்லோ!" என்று மலையாளத்தில் மெச்சினார்.

"இவங்களுக்கு நான் எழுதல்ல சார். மேல தாய் கிளாஸ்ல ஒருக்க எழுதினா, கீழ உள்ளவங்களுக்குத் தானா வந்திரும்" என்று அத்தை திரையை மேலே நகர்த்தினாள். அந்தத் தாய் கிளாஸின் பெயர் 'அண்ணன்'.

எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, பாத்தீங்களா! அத்தை உங்களத்தான் எல்லாருக்கும் மேல வச்சிருக்கா!"

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். படியிறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று நாகர்கோவிலுக்குச் சொன்னார். நான் கணபதியிடம், பிழை உண்மையில் ஒன்றுதானே என்று வாதாடி, ஒரே தேங்காயோடு கணக்கை முடித்தேன்.

வீடுவரை அப்பா எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். நாலு பேர் முன்னால் தங்கை தன்னை இப்படிப் புகழ்ந்துவிட்டாளே என்று கூச்சப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.