வலையைக் கழட்டிட்டாங்களா?

முந்திரிக்கொட்டை என்று அவருக்கு முதலில் பெயர் வைத்தவர் யாரோ, ஆளைச் சரியாக எடைபோட்டவர். மனுஷன் எட்டாம் மாதமே பிறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே எழுந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி அடி வாங்குவார். கல்யாணப் பேச்சு நடந்த அன்று பெண்ணிடம் யாரும் இன்னும் வாய் திறந்து கேட்கவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று இவரே இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பெண் சிரித்துவிட்டாள். அதனால் பிழைத்தார்.

வேலை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். குரல் என்றால் அப்படியொரு குரல். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து "நாலாவது மேடை" என்று அவர் சொன்னால், தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து பையைத் தூக்கிக்கொள்வார். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வளைவில் வண்டி மூக்கைக் காட்டியதுமே இது இன்ன வண்டி என்று முடிவுகட்டி அறிவித்துவிடுவார். ஜனம் மூட்டை முடிச்சோடு நாலாவது மேடைக்கு ஓடும். வண்டி சாவகாசமாக ஏழாவது மேடையில் போய் நிற்கும். அதே குரலில் மன்னிப்பும் கேட்பார், ஜனமும் மன்னித்துவிடும். பேருந்துதானே, அடுத்தது வரும்.

கால்பந்தில் அடுத்தது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் மில் அணியின் மைதானத்தில் மைக் பிடிப்பார். ஒரு காலத்தில் நூல் மில் தொழிலாளர்கள் தொடங்கிய அணி அது. இப்போது மில்காரர்கள் என்று அதில் இரண்டே பேர். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக மூன்றாம் டிவிஷனில் பாய் விரித்துப் படுத்திருந்தது. கோல்கீப்பர், இவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவனுக்குத் தன் அணியை ஏற்றத் தெரியவில்லை என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அன்றைக்குக் கடைசி ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று மில் அணி முன்னணியில் இருந்தது. மேலே ஏறப் போட்டியிட்ட இன்னொரு அணி வேறு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயிக்காவிட்டால் போதும், இவர்கள் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விடலாம். மைக் அறைத் தொலைபேசியில் யாரோ ஒரு நண்பர், "இங்க டிராதான் போலிருக்கு" என்றார். 'போலிருக்கு' என்ற வார்த்தை முந்திரிக்கொட்டையின் காதில் ஏறவே இல்லை. மைக்கைப் பிடித்து, "அங்கே ஆட்டம் டிராவில் முடிந்தது! நாம மேலே ஏறிட்டோம்!" என்று முழங்கிவிட்டார்.

மைதானம் துள்ளியது. மச்சினன் கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினான். எதிரணிக்காரன் எங்கிருந்தோ உதைத்த பந்து அவனைத் தாண்டி உருண்டு வலைக்குள் போனது. அங்கேயும் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. மீதியிருந்த நான்கு நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டு ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் போச்சு. கழகத்தின் செயலாளரான மருந்துக்கடைக்காரர் இரும்பு ஏணிப்படியில் ஏறி வந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

மச்சினன் அன்றோடு பேச்சை நிறுத்தினான். அதே வீட்டு மாடியில்தான் இருந்தான், அதே மேசையில்தான் சாப்பிட்டான்.

"அக்கா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"ஏன், அவர் காது கேட்காதவரா? நேராச் சொல்லேன்டா."

"சொன்னா, நான் கேக்கறதுக்கு முன்னாடியே கொட்டிடுவாரு."

முந்திரிக்கொட்டை உப்பை மெல்ல நகர்த்தி வைப்பார். தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவார். ஊரே திட்டியது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோளில் தூக்கிச் சுமந்த பயல், "மாமா மாமா" என்று காலைச் சுற்றி வந்தவன், இப்போது எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான்; அதுதான் அவரைத் தின்றது. எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒரு "ம்" கூட வரவில்லை.

இரண்டு வருஷம் ஒரு பள்ளி ஆசிரியர் மைக் பிடித்தார். கோல் விழுந்தால் அஞ்சலிக் கூட்டத்தில் பேசுவது போல அறிவிப்பார். அவருக்கு மாற்றலானதும் வேறு வழியில்லாமல் செயலாளர் முந்திரிக்கொட்டையைக் கூப்பிட்டார். ஒரு நிபந்தனை. மைக்குக்கு நேர் எதிரே ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'ஆட்டம் முடியும்வரை வேறு மைதானத்துச் செய்தி கூடாது.' மருந்துக்கடைக்காரர் வாழ்நாளில் புரியும்படி எழுதியது அது ஒன்றுதான்.

"மீறினா இனிமே இந்தப் படியில நீங்க கால் வைக்க வேண்டாம்" என்று வாயாலும் சொன்னார்.

அந்தப் பருவம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. டீக்கடையில் நாலாம் டிவிஷனுக்கு வழி கேட்டார்கள். நாலாவது ஆட்டத்தில் மழை. சேற்றில் சறுக்கிய ஒருவன் உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கோல் போட்டான். என்ன சூட்சுமமோ, அதற்குப் பிறகு தோற்கவே மறந்துவிட்டார்கள். பதினோரு ஆட்டம் தொடர்ந்து! பக்கத்து மரக்கடையின் மர அடுக்குகள் மேல் ஏறி ஜனம் பார்த்தது. மச்சினன் ஆறு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. ஒரு பெனால்டியை முகத்தாலேயே தடுத்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் வீங்கிய மூக்கோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து முந்திரிக்கொட்டைக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் தம்பிகிட்ட சொல்லு, பிரமாதம்னு" என்றார். அவள் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தான். காது மட்டும் சிவந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. மில் அணியும் துறைமுக அணியும் சமமான புள்ளி. ஒரே ஒரு அணிதான் ஏறலாம். கோல் கணக்கில் துறைமுகம் எக்கச்சக்கமாக முன்னால் இருந்ததால், அவர்கள் ஜெயித்தால் கதை முடிந்தது. அவர்கள் டிரா செய்தால் மில் ஜெயிக்க வேண்டும். அவர்கள் தோற்றால் மில்லுக்கு டிரா போதும். துறைமுகத்தின் ஆட்டம் வேறு ஊரில், அதே நேரத்தில்.

"அங்க நான் போறேன்" என்றாள் மனைவி. அவள் பிஸ்கட் ஃபாக்டரியில் தரம் பார்க்கிறவள். அவள் கண்ணில் பட்டுத் தேறாமல் ஒரு பிஸ்கட் வெளியே போகாது.

"நீ எதுக்கு? எனக்குத்தான் சொல்லக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

"சொல்லாதீங்க. தெரிஞ்சு வச்சுக்கோங்க. யாரோ சொன்னதைக் கேட்டுத்தான அன்னிக்கு மூக்கு உடைஞ்சுது? நான் என் கண்ணால பார்த்து, முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பேசுவேன்."

கைபேசி வருவதற்கு முந்திய காலம் அது. மூன்றாம் டிவிஷனுக்கு வானொலியும் கிடையாது. மைக் அறையில் இருந்த கறுப்புத் தொலைபேசிதான் வெளியுலகத்துக்கு ஒரே வழி.

எதிரணியான ரயில்வேயின் வண்டி வழியில் பஞ்சராகி, ஆட்டம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. ரயில்வேக்காரர்களே நேரத்துக்கு வரவில்லை என்று கூட்டம் சிரித்தது. இடைவேளையில் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து, துறைமுகம் அங்கே ஒரு கோல் முன்னால் என்று சொல்லிவிட்டுப் போனான். மில் அணியின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு அப்புறம் எந்தச் செய்தியும் இல்லை. ரயில்வே ஒரு கோல் போட்டது. மில் திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. நேரம் ஓடியது. முந்திரிக்கொட்டை இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசி நிமிடம். மில் அணிக்குக் கார்னர். பந்து சுவரைத் தாண்டி மரக்கடைக்குள் விழுந்திருந்தது. மாற்றுப் பந்து ஏற்கெனவே அங்கேதான் எங்கோ கிடந்தது. நாலு பேர் மரங்களுக்கு நடுவே தேடினார்கள். பயிற்சியாளர் கையை வீசிக் கத்தினார்: "எல்லாரும் முன்னால போங்க! கீப்பரும் போ!" ஜெயித்தே தீர வேண்டும் என்று நினைத்தவர் வேறென்ன செய்வார்? மச்சினன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினான்.

அப்போது தொலைபேசி அடித்தது.

"ஏங்க, துறைமுகம் தோத்துப்போச்சு! ரெண்டுக்கு ஒண்ணு!"

"முடிஞ்சிருச்சா? இல்ல, முடியப் போகுதா?"

"முடிஞ்சிருச்சு."

"விசில் ஊதினதை நீ பார்த்தியா?"

"பார்த்தேங்க. ரெஃபரி குளிக்கவே போயிட்டாரு. ஆபீஸ் ரூம் ஜன்னல்லேருந்து பேசறேன், எதிரே வலையைக் கழட்டி மடிக்கிறாங்க. போதுமா?"

போதும். டிரா போதும்! ஆனால் அங்கே கோல் காலியாகக் கிடக்கிறது. கார்னர் தவறி ரயில்வேக்காரன் ஒருவன் பந்தைப் பின்னால் உதைத்தால், மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்தது அப்படியே இன்னொரு முறை நடக்கும். எதிரே தாள் முறைத்தது. சொன்னால் மைக் போச்சு. சொல்லாவிட்டால் எல்லாமே போகலாம். மரக்கடைச் சுவருக்கு மேலே பந்தோடு ஒரு கை தெரிந்தது.

மைக்கைத் திறந்தார்.

"துறைமுகம் தோத்துருச்சு! நமக்கு டிரா போதும்! கோல்கீப்பர் திரும்பிப் போகணும்!"

மைதானம் ஒரு நொடி திகைத்தது. பிறகு, சிரித்தது! "ஐயோ, முந்திரிக்கொட்டை ஆரம்பிச்சுட்டாரு!" என்று ஒருவன் கத்தினான். "வாயை மூடுய்யா!" என்று பத்துப் பேர். செயலாளர் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஏணிப்படியை நோக்கி வந்தார். மச்சினன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரணிக் கோலுக்கு முன்னால் குதித்துக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க சத்தம் அங்க?" என்றது தொலைபேசி.

"உன் தம்பி கோலை விட்டுட்டு முன்னாடி போய் நிக்கிறான். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீ சொல்லு!"

ரிசீவரை மைக்கோடு ஒட்டி அழுத்திப் பிடித்தார். இரண்டு ஒலிபெருக்கியிலும் கரகரவென்று, ஃபாக்டரி இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய ஒரு குரல் மைதானத்தின் மேல் இறங்கியது:

"டேய் தம்பி! அக்கா பேசறேன்டா! இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு, வலையைக்கூடக் கழட்டிட்டாங்க! அங்க உனக்கு என்ன வேலை? உன் இடத்துக்குப் போடா!"

மச்சினன் விறைத்து நின்றான். அடுத்த கணம் திரும்பி ஓடினான் பாருங்கள், லிஃப்ட் அறுந்து விழுந்தால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான். ரெஃபரி ஒலிபெருக்கியைப் பார்த்து முறைத்துவிட்டு விசில் ஊதினார். கார்னர் உதைக்கப்பட்டது. ரயில்வேயின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தலையால் முட்டி வெளியே தள்ள, அது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற அவர்களுடைய ஆள் காலில் போய் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். காலி கோல். ஓங்கி உதைத்தான்.

பந்து உயரத்தில் போனது. கீழே மச்சினன் ஓடிக்கொண்டிருந்தான். பந்தும் அவனும் ஒரே கோலை நோக்கி. முந்திரிக்கொட்டை நாற்காலி மேல் ஏறி நின்றார். படியேறி வந்த செயலாளர் வயரைப் பிடுங்க நீட்டிய கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பந்து இறங்கியது, ஒரு தடவை தரையில் குத்தி எழும்பியது, மச்சினன் பக்கவாட்டில் பாய்ந்தான், விரல் நுனி பட்டது, பந்து கம்பத்தில் இடித்து வெளியே போனது!

விசில். மூன்று தடவை.

ஆனால் யாரும் கத்தவில்லை. இரண்டாயிரம் பேரும் மைக் அறையைப் பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு பட்டது யாருக்கும் மறக்கவில்லை. முந்திரிக்கொட்டையோ வாயைத் திறப்பதாக இல்லை. ரெஃபரி வெளியே போகட்டும் என்று காத்திருந்தார். ரெஃபரி போனார். இன்னும் காத்திருந்தார்.

"சொல்லுங்களேன்யா!" என்று செயலாளரே கெஞ்சினார். "என் தாளையே கிழிச்சுப் போட்டுடறேன், சொல்லுங்க!"

"இருங்க. நிச்சயமாத் தெரியட்டும்."

இரும்புப் படி தடதடத்தது. முழங்காலெல்லாம் ரத்தமும் மண்ணுமாக மச்சினன் வந்து நின்றான். தோளில், கொக்கி கொக்கியாக அவிழ்த்துச் சுருட்டிய கோல் வலை. அதை மேசை மேல், மைக்குக்குப் பக்கத்தில், தொப்பென்று போட்டான்.

"மாமா," என்றான். மூச்சு வாங்கியது. "இங்கயும் கழட்டியாச்சு. இப்ப சொல்லுங்க மாமா."

முந்திரிக்கொட்டை மைக் திறந்தே இருப்பதை மறந்தார். மேசையில் கிடந்த ரிசீவர் "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று அலறிக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். குரல் உடைந்து, இத்தனை நாள் அடக்கிய அழுகையோடு, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"உன் தம்பி எங்கிட்ட பேசிட்டான்!"

ரிசீவரிலிருந்து அவள் குரலும் கரகரத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் கேட்டது.

"ரொம்ப சந்தோஷங்க. மேலே ஏறினோமா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல!"

"ஏறிட்டோம்!" என்று மைதானமே அவளுக்குப் பதில் சொன்னது.