மூத்தவளின் வயதைச் சுமந்த அக்கா

"தோற்றம்" என்னும் இடத்தில் எந்தத் தேதியை அச்சிடுவது?

முதலாம் ஆண்டு நினைவாக வெளிவரும் இந்த மலரை அச்சுக்குக் கொடுத்த அன்று அச்சகத்தார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அக்காவின் அடையாள அட்டையில் ஒரு தேதி இருந்தது. அம்மா சொல்ல நான் பள்ளி நோட்டில் எழுதிவைத்த தேதி வேறாக இருந்தது. இரண்டுக்கும் இடையே மூன்று ஆண்டுகள். "எழுத்துப்பிழையா இருக்கும்மா, கார்டுல உள்ளதையே போட்டுருதேன்" என்றார் அவர். பிழைதான். ஆனால் அது எழுத்துப்பிழை அன்று. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, அறிந்தே செய்த பிழை. முதல் பக்கத்தில் அம்மா சொன்ன தேதியையே அச்சிட்டிருக்கிறோம். அதன் காரணத்தை எழுதுவது இம்மலரைப் பெறும் உறவினர் சிலருக்குக் கசக்கலாம். எழுதாமல் விடுவது அக்காவுக்குச் செய்யும் அநீதி என்பதால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில், ஊருக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் பருத்தியும் கம்பும் விதைத்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. பெற்றோருக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தது. அதன் பிறப்பு கிராம முன்சீப்பின் பதிவேட்டில் ஏறியிருந்தது; இறப்பு ஏறவில்லை. அடுத்த ஆண்டு அக்கா பிறந்தார். அது பருத்தி எடுக்கும் காலம். பெண் பிள்ளை பிறந்ததைச் சொல்ல ஒருவரும் முன்சீப்பு வீட்டுக்கு நடக்கவில்லை. இறந்தவளுக்கு இட்டிருந்த, குடும்பத்தில் வழிவழியாக வரும் அதே பெயரை அக்காவுக்கும் இட்டார்கள். இவ்வாறு, இறந்த குழந்தை பதிவேட்டில் உயிரோடு இருந்தது. உயிரோடு இருந்த அக்கா பதிவேட்டில் இல்லை.

நான் அக்காவுக்கு ஆறு வயது இளையவள். இனி எழுதுவதில் முற்பகுதி அக்கா எனக்குப் பலமுறை சொன்னது. பிற்பகுதி நான் கண்டது.

அக்கா ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ராயகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் அத்தை, அப்பாவின் தமக்கை, தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். உடனே முடிக்க வேண்டும் என்றார். பதினான்கு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வது அன்றே சட்டப்படி குற்றம். அக்காவுக்குப் பதினொன்று. யாராவது மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிடுவார்களோ என்று அப்பா தயங்கினார்.

"தம்பி, ஒன் மூத்தவ இருந்திருந்தா இப்பம் பதினாலு" என்றாராம் அத்தை. "பேரும் அதே பேரு. முன்சீப்பு ஏட்டுல இருந்து அவ பொறந்த சீட்டை எடுத்துக் காட்டு. செத்தவ வந்து கேக்கவா போறா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அக்கா எழுபது வயதிலும் மறக்கவில்லை. அன்று மாலை அப்பா அவரை அழைத்து, "ஏட்டி, யாரு கேட்டாலும் பதினாலுன்னு சொல்லணும், என்ன?" என்றார். "எனக்குப் பதினொண்ணுல்லாப்பா?" என்று கேட்ட அக்காவுக்குக் கிடைத்த பதில், "வாயைத் தொறக்காத."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கன்னியாக இறந்த பெண்ணைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி வைத்து வணங்குவோம். வீட்டில் திருமணம் என்றால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்த பிறகுதான் மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுத்துக் கொடுப்பார்கள். மூத்தவளுக்காக அம்மா ஒரு சிறு பட்டுப்பாவாடை தைத்து வைத்திருந்தார். இறந்த குழந்தைக்குப் படையல் போட்டால் சீட்டின் பொய் வெளிப்பட்டுவிடும் என்று அதையும் தடுத்துவிட்டார்கள். சட்டத்தை ஏமாற்றப் புறப்பட்டவர்கள், தாம் அஞ்சி வணங்கும் கன்னியையும் ஏமாற்றினார்கள். அம்மா அந்தப் பாவாடையை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தார்.

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வழிப்போக்கனுக்கும் சோறு போட்டவர்கள். அடுத்தவர் காட்டில் ஒரு காய் பறிக்காதவர்கள். என் சினம் ஆறாமல் இருப்பதற்கு அதுவே காரணம். நல்லவர்கள் சிரித்துக்கொண்டே செய்த தீங்கைக் கேட்க அன்று ஒருவரும் இல்லை. அக்காவை மணந்த அத்தானுக்கும் அப்போது பத்தொன்பது வயது; அவரையும் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பொய் கல்யாணத்தோடு முடியவில்லை. பதினைந்து வயதில் அக்கா பிரசவத்துக்காக மருத்துவமனையில் கிடந்தபோது மருத்துவர் வயதைக் கேட்டார். "பதினெட்டு" என்று அத்தை முந்திக்கொண்டு சொன்னார். வலி பொறுக்காமல் கதறிய அக்காவை, "பதினெட்டு வயசுப் பொம்பளை இப்படியா கத்துவா?" என்று தாதி அதட்டினாராம். இரண்டாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. சரியான வயதைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம்கூட உண்மை சொல்லப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

நாடு முதல் பொதுத்தேர்தலைக் கண்டபோது அக்காவுக்குப் பதினெட்டு. ஆனால் வாக்காளர் பட்டியல் எழுத வந்தவரிடம் வீட்டார் சீட்டின் வயதையே சொன்னதால், இருபத்தொன்று நிரம்பியவராக வாக்களித்தார். அடுத்த ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அத்தையும் அக்காவும் ஒரே வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேர் நிலைக்கு வருமுன்பே அத்தை வந்த காரியத்தைச் சொன்னார். தம் இளைய மகனுக்கு என்னைக் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பில் சேரப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். சட்டமோ அதற்குள் பெண்ணின் வயதைப் பதினைந்தாக உயர்த்தியிருந்தது.

"இவ அக்காவுக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஒரு சீட்டு கெடைக்காமலா போவும்?" என்றார் அத்தை.

இலை போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இவளுக்கு எந்தச் செத்த பிள்ளையோட வயசைக் குடுக்கப் போறீங்க அத்தை?"

மாமியாரின் முகத்துக்கு நேரே மருமகள் பேசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

"ஓட்டுப் போட்டுட்டு வந்ததுல இருந்து இவளுக்கு வாய் நீண்டு போச்சு தம்பி."

"வயசைக் குடுத்ததே நீங்கதான்" என்றார் அக்கா. "கவர்மெண்டு ஏட்டுல நான் இருபத்தொரு வயசுப் பொம்பளை. அம்புட்டு வயசுக்காரி பேசுனா கேட்டுத்தான் ஆவணும். இவ கழுத்துல தாலி ஏறுச்சுன்னா, எனக்குக் காட்டுன சீட்டு யாரு சீட்டுன்னு நானே தாலுகா ஆபீசுல எழுதிக் குடுப்பேன்."

அப்பா கையை ஓங்கினார். அப்போதுதான் அடுக்களையிலிருந்து அம்மா வந்தார். ஏழு ஆண்டுகளாக அந்தக் காரியம் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர். கையில் அந்தச் சிறு பாவாடை இருந்தது.

"செத்துப்போனவளை உயிரோட இருக்கான்னுட்டீங்க. ஒரு படையல் வைக்க விட்டீங்களா? வாய்விட்டு அழுதாலும் பொய் வெளிய வந்துரும்னு வாயை அடைச்சீங்க. இந்தப் பிள்ளையை நான் தர மாட்டேன்."

அப்பாவின் கை இறங்கியது. பிறகு தம் தமக்கையிடம், "வண்டியைப் பூட்டச் சொல்லட்டா அக்கா?" என்றார். அவ்வளவுதான்.

விலை கொடுத்தவர் அக்காதான். அந்த வீட்டுக்கே திரும்பிப் போய், ஓராண்டுக்கும் மேலாக மாமியாரின் பேச்சின்றி, பிறந்த வீட்டுப் படி ஏறும் அனுமதியின்றி வாழ்ந்தார். அத்தான் மட்டும் அவர் பக்கம் நின்றார். பின்னர் அக்கா இரண்டு ஆண் மக்களைப் பெற்று வளர்த்தார். அதே அத்தை படுத்த படுக்கையானபோது இறுதிவரை பார்த்துக்கொண்டார். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், "எழுதியாச்சா?" என்று கேட்டு, பதிவு செய்யும்வரை விடமாட்டார். கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோதும், "கார்டை நம்பாதீங்க டாக்டர், மூணு வயசு கொறச்சு எழுதுங்க" என்றார்.

அக்காவின் கடைசி மாதங்களில் அருகிருந்து கவனித்த மருமகள்கள் இருவருக்கும், நாள்தோறும் வந்து புண்ணுக்கு மருந்திட்ட செவிலியருக்கும், இறுதிச் சடங்குகளில் தோள் கொடுத்த ராயகிரி, சங்கரன்கோவில் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அத்தை பெண் கேட்டு வந்துபோன அந்த ஆடி மாதத்திலேயே நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். பின்னர் பட்டம் பெற்றேன். அதற்குப் பிறகு எங்கள் இரு குடும்பங்களிலும், பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு பெண்ணுக்கும் திருமணம் நடக்கவில்லை.